பர்மனென்ட் துளசிங்கம்

செய்தி வாட்ஸப்பில் வந்தது. கொடுங்கையூரில் நான் செக்யூரிட்டியாக நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில், குப்பைக் கிடங்குப் புகைக்கு மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் பழைய பவுண்டரி ஆட்கள் குழுவில் யாரோ கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றைப் போட்டிருந்தார்கள். படத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில் ‘பர்மனென்ட் துளசிங்கம்’ என்று இருந்தது. செத்த பிறகும் மனுஷனை அந்தப் பேர் விடவில்லையே என்று முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது. ஹாரன் அடித்துக் காத்திருந்த கார்க்காரர், கேட்டைத் திறக்க இவ்வளவு நேரமா என்று திட்டிவிட்டு உள்ளே போனார்.

கூட வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்த கதை தெரியும். சாவு வீட்டில் சின்னப் பிள்ளைகள் சிலர் “அது இன்னா மாமா, பர்மனென்ட்டு?” என்று கேட்டதால் எழுதுகிறேன். திருவொற்றியூரில் நாங்கள் வேலை பார்த்தது லாரிகளுக்கும் கார்களுக்கும் இரும்பு உதிரிப்பாகம் வார்க்கிற பவுண்டரி. அங்கே இரண்டு துளசிங்கம் இருந்தார்கள். ஒருவர் கான்ட்ராக்டரிடம் லோடு ஏற்ற வந்தவர். இன்னொருவர் உலைப் பக்கம் நின்ற நம் துளசி அண்ணன், கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளி. ஆள் மாறிப் போகக்கூடாது என்று, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ்காரர் ஒருநாள் மைக்கில் ‘பர்மனென்ட் துளசிங்கம் வரவும்’ என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து வெறும் துளசிங்கம் என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கான்ட்ராக்ட் துளசிங்கம் கொஞ்ச நாளில் வேறெங்கோ போய்விட்டார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது.

துளசி அண்ணன் குப்பத்துப் பிள்ளை. அப்பா, அண்ணன் எத்திராஜ் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். அந்த வீட்டில் கடலுக்குப் போகாத முதல் ஆள் இவர்தான். பர்மனென்ட் ஆன அன்றைக்கு அவர் அம்மா குப்பம் முழுக்கக் கேசரி கொடுத்தாராம். எத்திராஜ் அண்ணன் மட்டும் அதை வாயில் போட்டுக்கொண்டே, “என்னிய கடலு எப்பவோ பர்மனென்ட் பண்ணிட்ச்சு. ரிட்டையர்மென்ட்டே கெடையாது” என்றாராம். இதைத் துளசி அண்ணனே வந்து சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பார். சிரித்து முடித்ததும் குரல் மாறும். “பர்மனென்ட்டுன்னா துட்டு இல்ல, ரைட்டரே. காலீல கண்ணு முழிச்சா போறதுக்கு ஒரு எடம் கீது, அவ்ளோதான். எங்க அண்ணன் அதுக்குக் காத்தைக் கேக்கணும்.”

ரைட்டர் என்றது என்னை. சங்கத்துக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவது என் வேலையாக இருந்தது. வேறு பெரிய எழுத்து எதுவும் நான் எழுதிவிடவில்லை.

பவுண்டரி ஒரேயடியாகச் சாகவில்லை. ஆர்டர் வெளியூருக்குப் போய்விட்டது என்றார்கள். மூன்று ஷிப்ட் இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. கேன்டீனில் முட்டையை நிறுத்தினார்கள், பிறகு கேன்டீனையே நிறுத்தினார்கள். கடைசியில் உலை அணைந்த அன்று, ‘தொழிற்சாலை மூடப்பட்டது’ என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்னால் துளசி அண்ணன் நின்றிருந்தார். “மூடப்பட்டதுன்னா இன்னா அர்த்தம்? தானா மூடிக்கிச்சா அது? மூடிட்டாங்கன்னு எழுதுபா” என்றார். எனக்கு எரிச்சல். “அண்ணே, படிக்கிறதுக்கே ஆளில்லை” என்றேன். “நான் படிக்கறேன் இல்ல?” என்றார். அழித்துவிட்டு அவர் சொன்னபடியே எழுதினேன். இப்போது அங்கே கன்டெய்னர்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நிறைய புது வேலைகள் வந்துகொண்டிருக்கின்றன என்று டி.வி.யில் யாராவது பேசினால் நான் சேனலை மாற்றிவிடுகிறேன். வருகிறது, யார் இல்லை என்றார்கள்? கேட்டைத் திறந்து மூட நான் வந்தேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கத் துளசி அண்ணன் போனார். இரும்பைத் தண்ணியாக உருக்கிய கை, ஐஸ் பாளத்தை உடைத்து மீன் பெட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. எத்திராஜ் அண்ணன் பாவம், அதற்குப் பிறகு தம்பியைக் கிண்டல் செய்ததே இல்லை. கிண்டல் செய்திருந்தால்கூடத் தேவலை.

துளசி அண்ணனுக்கு ஒரே பிள்ளை, தினேஷ். ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர். மாத்தூர் பக்கம் ஓர் உதிரிப்பாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்டர்கள் மாறுவார்கள், சட்டை முதுகில் அச்சடித்த பேர் மாறும், தினேஷ் நிற்கும் மிஷின் மட்டும் மாறாது. பக்கத்து மிஷினில் அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு நீலச் சட்டை, இவனுக்குச் சாம்பல் சட்டை. “என் பையன் நீலச் சட்டை போட்டு ஒருநாள் பாத்தா போதும், ரைட்டரே” என்பதுதான் கடைசி வருஷங்களில் துளசி அண்ணனுக்கு இருந்த ஒரே ஆசை. அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்த ரேவதியை தினேஷுக்குப் பிடித்துப் போனதும், அந்த ஆசை கல்யாணத்தோடு சேர்ந்துகொண்டது.

இனிச் சொல்லப் போவது, நம் பக்கத்து ஆளுக்கு மட்டுமே நடக்கக்கூடிய தப்பு. நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் குணத்தைக் கேட்பதற்கு முன்பு ‘பர்மனென்ட்டா?’ என்றுதான் கேட்பார்கள். எர்ணாவூரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ரேவதியின் அப்பா சண்முகமும் போனில் அதைத்தான் கேட்டார். அவரும் மூடிப்போன ஒரு கம்பெனியில் இருந்தவர்தான். காசிமேட்டு மீன் ஏலச் சத்தத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசிய துளசி அண்ணன், “ஆமாங்க, பர்மனென்ட்தான்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லை யார் சொன்னாலும் அவரைத்தானே சொன்னார்கள்? தன்னைத்தான் விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

தாம்பூலம் மாற்றுகிற அன்று நானும் கூடப் போயிருந்தேன். தட்டுகள் வரிசையாக இருந்தன. சண்முகம் தன் சொந்தக்காரர்களிடம் முகமெல்லாம் சிரிப்பாக, “மாப்ளை பர்மனென்ட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். துளசி அண்ணன் என் பக்கம் குனிந்தார்.

“ரைட்டரே, இந்தாளு யாரைச் சொல்றான்?”

“உன் பையனைத்தான்.”

மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுந்தார். எதிரே இருந்த தினேஷுக்குப் புரிந்துவிட்டது. உட்காரு, உட்காரு என்று கண்ணாலேயே கெஞ்சினான். நானும் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். ஊஹும், உட்காரவில்லை.

“சம்பந்தி, தப்பாயிட்ச்சு. பர்மனென்ட்டுன்னு நான் என்னியச் சொன்னேன். பையன் கான்ட்ராக்ட்டுதான்.”

சண்முகத்துக்குக் கோபம்கூட வரவில்லை, களைப்புதான் வந்தது. “நீங்க பர்மனென்ட்டா? எங்க கீது உங்க கம்பெனி?” என்று கேட்டார். உள்ளேயிருந்து ரேவதி வெளியே வந்தாள். “நைனா, அவரு கான்ட்ராக்ட்டுன்னு எனுக்குத் தெரியும். நானும் கான்ட்ராக்ட்டுதான?” என்றாள். “அதுக்குத்தாம்மா பயப்படறேன். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல நாளைக்கு வராதன்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?” என்றார் அவர். “பையன் பர்மனென்ட் ஆவட்டும், பொண்ணு எங்கியும் போயிடாது” என்று முடித்துவிட்டார். தட்டுகளை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். எங்களுக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு தினேஷ் ரொம்ப நாள் அப்பாவோடு பேசவில்லை. நானும் அவரைத் திட்டினேன், கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன என்று. “அந்தாளும் வேலை போயி நின்னவன். அவனை ஏமாத்தலாமா?” என்றார். அத்தோடு அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை.

போன மாதம்தான் ஒரு நல்ல சேதி வந்தது. கான்ட்ராக்டில் பழைய ஆட்கள் சிலரைக் கம்பெனி பர்மனென்ட் ஆக்கப் போகிறதாம், வருகைப் பதிவில் பழைய நம்பர் வைத்திருப்பவர்களுக்கு முதலிடமாம். தினேஷின் நம்பர் பழசு. அன்றைக்கு அவனே அப்பாவிடம் போய்ப் பேசினான். துளசி அண்ணன் எனக்குப் போன் செய்து, சும்மா சிரித்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் காசிமேட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. தினேஷின் போன் கம்பெனி லாக்கரில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில்தான் அவனுக்குத் தெரிந்தது.

சுடுகாட்டில் வழக்கப்படி கொள்ளி வைக்கிற பிள்ளைக்கு மொட்டை அடித்தார்கள். தாடி, மீசை எல்லாவற்றையும் எடுத்தார்கள். அப்பாவுக்குச் செய்வதில் யார் குறை வைப்பார்கள்? மற்றதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? கான்ட்ராக்ட் ஆளுக்கு லீவும் கிடையாது. மூன்றாம் நாளே தினேஷ் வேலைக்குப் போனான். அங்கே கேட்டில் முகத்தைப் பார்த்து வருகை போடும் மிஷின் ஒன்று வைத்திருக்கிறார்கள். அடர்ந்த தாடி மீசையோடு பதிந்த முகம் அவனுடையது. மொட்டை முகத்தைக் காட்டினான். ‘பதிவில் இல்லை’ என்று அதிலிருந்து ஒரு பெண்குரல் சொன்னது.

ஆபீஸில் கேட்டதற்கு, பழைய நம்பரில் முகத்தை மாற்ற முடியாது, புது ஆளாகப் பதிந்துகொள் என்று சொல்லிவிட்டார்கள். புது ஆள் என்றால் புது நம்பர். “புது நம்பர் வாங்கினா லைன்ல கடைசி ஆளு நான்தான், மாமா. பர்மனென்ட்டும் போச்சு, ரேவதியும் போச்சு. வாங்காம இருந்தா, மாசக் கடைசி வரைக்கும்தான் பழைய நம்பரு உயிரோட இருக்கும், அப்பால அழிச்சிடுவாங்க. அதுக்குள்ள மீசை வளரணும்” என்றான் தினேஷ். சிரிப்பதா, அழுவதா? ரேவதி கண்மையால் மீசை தாடி வரைந்துவிட்டுப் பார்த்தாள். “இன்னாபா, கலீஜா கீது” என்று வாட்ச்மேன் துடைத்துக்கொள்ளச் சொன்னார். மிஷின் அதையும் எடுக்கவில்லை. எங்கள் பவுண்டரியிலும் ஆட்கள் திருப்பதிக்குப் போய் மொட்டையோடு வருவார்கள். கேட்டில் இருந்தவர் மொட்டையைத் தடவிப் பார்த்து, லட்டு எங்கே என்று கேட்டுவிட்டு உள்ளே விடுவார்.

நான் நேரே மாத்தூர் போனேன். சூப்பர்வைசர் சின்னப் பையன், அவனும் கான்ட்ராக்ட்தான். “தம்பி, இவன் துளசிங்கத்தோட பையன் தினேஷ். இத்தனை வருஷமா இங்கேதான் வேலை செய்யறான். அப்பா செத்ததுக்கு மொட்டை போட்டிருக்கான்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “எனக்கு தினேஷைத் தெரியாதா, சார்? மிஷினுக்குத் தெரியலையே” என்றான். அவன்மேல் எப்படிக் கோபப்படுவது?

துளசி அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. போகிற இடத்தில் காரியம் நடக்காது என்று தெரிந்தாலும், யாரையும் தனியாகப் போகவிட மாட்டார். பி.எஃப். ஆபீஸோ, ஆஸ்பத்திரியோ, போலீஸ் ஸ்டேஷனோ, “இரு, நானும் வரேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றைத்தான். நைட் டியூட்டி முடிந்ததும் நான் வீட்டுக்குப் போவதில்லை, மாத்தூருக்குப் போகிறேன். தினேஷ் அங்கே நிற்பான். இருவரும் கேட்டுக்குப் போவோம்.

இன்று காலையும் போனோம். மீசை லேசாக அரும்பியிருக்கிறது. ரேவதி முதலில் முகத்தைக் காட்டினாள், மிஷின் எடுத்துக்கொண்டது. தினேஷ் காட்டினான். அந்தப் பெண்குரல் ‘பதிவில் இல்லை’ என்றே சொன்னது. ரேவதி உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சத்தம் போட்டதும் போய்விட்டாள்.