மகர ராசிக்காரர் வளர்த்த நாய்

எங்கள் தமான் குடியிருப்பில் யோகேஸ்வரி என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. வேன் அக்கா என்றால்தான் வீட்டைக் காட்டுவார்கள். மாசாய் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போய், மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை. ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் இல்லை, மகன் கோலாலம்பூரில். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து பெரிய ஆள் ஒருவர் வெளியே வரும்வரை எந்தப் பிள்ளையையும் அவள் வேனை விட்டு இறக்கமாட்டாள். பின்னால் நிற்கிற கார்க்காரன் ஹார்ன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

இப்படிப்பட்டவளைத்தான் எங்கள் தெருக்காரர்கள் நாய்த்திருடி என்றார்கள். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் எதிர்வீடு. நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

அவளுக்குப் பக்கத்து வீடு திருச்செல்வம். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் உழைக்கிற கூட்டத்தில் ஒருவன். மனைவி பிரவீனா, ஒரே மகள் லோஷினி. அவனுக்கு மகர ராசி. ஏழரைச் சனியின் கடைசிப் பகுதியில் வேலை போனது, காலும் உடைந்தது. ஜாதகம் பார்க்கிறவர் சனிக்கிழமைதோறும் கறுப்பு நாய்க்குச் சோறு வைக்கச் சொன்னார். வெளியே அலைகிற நாய்க்கு வைத்திருந்தாலே போதும். இவன் ஒரு கறுப்புக் குட்டியையே வாங்கி வந்து பைரவன் என்று பெயரும் வைத்துவிட்டான். தேய்பிறை அஷ்டமிக்கு அதற்கு மாலை போட்டார்கள், நெற்றியில் குங்குமம் வைத்தார்கள், படம் எடுத்து ஃபேஸ்புக்கில் ஏற்றினார்கள். உடம்பில் ஊறிய உண்ணியை எடுக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

போன வருஷம் சனிப்பெயர்ச்சி வந்தது. மகர ராசிக்கு ஏழரை முடிந்தது. அவனை விட்ட சனி நாயைப் பிடித்துக்கொண்டது. நல்ல வேலை கிடைத்து அவர்கள் கொண்டோ அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். அங்கே நாய் வளர்க்கக்கூடாதாம். வீட்டைப் பூட்டி, கார் நிறுத்துகிற இடத்தில் பைரவனைச் சங்கிலியில் கட்டிவிட்டுப் போனார்கள். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து சோறு வைத்தார்கள். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு அதுவும் நின்றது. ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தபின் நீ யார் நான் யார் என்பது மனுஷர்களுக்குச் சொன்னது என்றுதான் நினைத்திருந்தேன்.

யோகேஸ்வரி எடுத்த எடுப்பில் நாயைத் தூக்கிவிடவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அதன் மேலாகத் தண்ணீரும் சோறும் வைத்தாள். பிரவீனாவுக்குப் போன் செய்தாள். "சனிக்கிழம கண்டிப்பா வந்துர்றோம் அக்கா" என்றாள் அவள். சனிக்கிழமைகள் வந்தன, அவர்கள் வரவில்லை. பிறகு போனையும் எடுக்கவில்லை.

தெருக்குழுத் தலைவர் சபாபதியிடம் போனாள். அவர் பட்டும் படாமல் பேசுகிறவர். "அடுத்தவன் நாய்மா. கை வெச்சா கேஸ் ஆயிரும். நமக்கேன் வம்பு" என்றார். பட்டினி போட்டவன்மேல் கேஸ் வராதா என்று இவள் கேட்டதற்கு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அடைமழை தொடங்கியது. சங்கிலி தூணில் சுற்றிக்கொள்ள, பைரவன் படுக்கவும் முடியாமல் ஒரு ராத்திரி முழுக்க நின்றபடியே நனைந்தது. காலையில் திருச்செல்வத்துக்கு யோகேஸ்வரி செய்தி அனுப்பினாள்: நாளை சாயங்காலத்துக்குள் வராவிட்டால் நாயை நான் எடுத்துக்கொள்கிறேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான். ஒரு உயிரைக் கைகழுவ அவனுக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது.

மறுநாள் இருட்டும்வரை காத்திருந்தாள். பூட்டில் கைவைக்கவில்லை. சுவரேறி இறங்கி, சங்கிலியைக் கழற்றி, நாயைச் சுவர்மேல் தூக்கி வைத்து இந்தப் பக்கம் இறக்கினாள். கழுத்தில் சங்கிலி அறுத்த புண்ணில் புழு. மருத்துவரிடம் கொண்டுபோய், மருந்து போட்டு, மாதக்கணக்கில் பார்த்துத் தேற்றினாள். தோல் மினுமினுக்கத் தொடங்கியபோதுதான் தெருவுக்கு நியாயம் நினைவு வந்தது. அடுத்தவன் பொருள், கேட்காமல் எடுத்தாள் என்றார்கள். புழு வைத்தபோது இந்த வாய்களெல்லாம் எங்கே போயிருந்தன?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்செல்வம் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினான். லோஷினிக்கு டிங்கி காய்ச்சல் வந்து, தேறி, அடுத்து படியில் விழுந்து கை முறிந்திருக்கிறது. அதே ஜாதகக்காரர் பார்த்திருக்கிறார். பிள்ளைக்கு மேஷ ராசி. அப்பாவை விட்ட அதே பெயர்ச்சியில் மகளுக்கு ஏழரை தொடங்கிவிட்டதாம். உடனே பைரவன் நினைவு வந்துவிட்டது.

"அக்கா, நாய இங்க பழைய வீட்டுலயே கட்டி வெச்சிக்கிறோம். இனிமே தவறாம வந்து பாத்துக்கிறோம்" என்றான்.

அதே தூண், அதே சங்கிலி. யோகேஸ்வரி தன் வீட்டு வாசல் கேட்டுக்கு உள்ளே நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான எடுத்துக்கச் சொன்னீங்க தம்பி?"

"அது சும்மா பட்டுனு அழுத்திட்டேன்லா. அதப் போயி பெருசா எடுத்துக்கிட்டீங்க. வாங்கினது நானு, என் நாய்தான?"

பிரவீனா அழுதாள். "பிள்ளைக்காகக் கேக்குறோம் அக்கா. உங்க வேன்ல வந்த பிள்ள."

கையில் கட்டோடு காரில் உட்கார்ந்திருந்த லோஷினியை யோகேஸ்வரி பார்த்தாள். அவள் முகம் இளகியதை நான் பார்த்தேன். அதற்குள் கூடிவிட்ட தெருக்காரர்களும் பார்த்தார்கள். சபாபதி சட்டென்று நடுவராகிவிட்டார். "சரி, நாய் உங்கிட்டயே இருக்கட்டும்மா. சனிக்கிழம மட்டும் அவங்க வந்து சோறு வெச்சிட்டுப் போவட்டும். பிரச்சன முடிஞ்சிச்சு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வளர்க்கிற பாடு ஒருத்திக்கு, புண்ணியம் இன்னொருவனுக்கு. இதற்குப் பெயர் தீர்ப்பாம்.

"லோஷினி பேரச் சொல்லி சனிக்கிழம சனிக்கிழம நானே வெக்கிறேன்" என்றாள் யோகேஸ்வரி. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க வர வேணாம்."

திருச்செல்வத்துக்கு ரோஷம் வந்தது. கேட்டுக்கு அருகே போய், "பைரவா" என்று ஒரு குரல் கொடுத்தான்.

உள்ளே படுத்திருந்த நாய் எழுந்து ஓடி வந்தது. கம்பி வழியாக அவன் கையை நக்கியது. உடம்பே வளைய வாலாட்டியது. கழுத்தில் முடி முளைக்காத அந்தத் தழும்பை அவன் விரல்களே தடவிக்கொடுத்தன.

"பாத்தீங்களா? அதுவே எங்கள மறக்கல. உங்களுக்கென்ன?"

தெருவே யோகேஸ்வரியைப் பார்த்தது. இனி அவள் நாயைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று நானும் நினைத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"அது மன்னிச்சிருச்சு தம்பி. அது நாய். நான் மன்னிக்கல."

குனிந்து பைரவனை அணைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர்கள் காரில் ஏறினார்கள். கார் தெருமுனை திரும்பும்வரை அவள் கைப்பிடிக்குள் நின்றபடி அந்த நாய் அவர்களைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டேதான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.