மாமாவின் பெருவிரல்

கெட்டிக்காரப் பிள்ளை என்று ஊருக்குள் பெயர் எடுத்தவள் நான். எட்டு வயதில் அந்தப் பெயருக்காக நான் பார்த்த வேலையை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது. இத்தனைக்கும் அன்று நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

ஓர் ஆவணி விடுமுறையில் எங்கள் ஊரான வட்டக்கச்சியில், வாசிகசாலை வளவில் ஐந்து நாள் சிறுவர் முகாம் வைத்தார்கள். முகாம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பெரியவர்களுக்குச் சண்டைக்கால அகதி முகாம்கள் நினைவுக்கு வரும் என்பதால், அறிவித்தலில் ‘விடுமுறைக் கொண்டாட்டம்’ என்று எழுதியிருந்தது. நாங்கள் முகாம் என்றே சொல்லித் திரிந்தோம். காலையில் பாட்டு, பத்து மணிக்கு இனிப்புப் பணிசும் தேநீரும், அதன் பிறகு வெயில் ஏறும்வரை விளையாட்டு. விளையாட்டுக்குப் பொறுப்பு என் மாமா, அம்மாவின் தம்பி. வயலில் வேலை இல்லாத நாட்களில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கூத்தடிக்க அவரை விட்டால் ஆள் இல்லை. அவருடைய ஒரே மகள், என் மச்சாள், என்னுடைய வகுப்புத்தான்.

மச்சாளுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலோடு காது மந்தமாகிவிட்டது. முகத்தைப் பார்த்துக் கதைத்தால் பிடித்துக்கொள்வாள். பின்னால் நின்று கூப்பிட்டால் ஒன்றும் விளங்காது. இது மாமாவுக்கும் மாமிக்கும் மட்டுமே தெரியும். பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் பிள்ளையைத் தூரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பச் சொல்வார்கள் என்று பயந்து மறைத்துவைத்திருந்தார்கள். வகுப்பில் நாங்கள் அவளைப் ‘பராக்கு’ என்று பட்டம் வைத்துக் கூப்பிட்டோம். அவள் எப்போதும் எங்கேயோ பராக்குப் பார்க்கிறாள் என்றே நானும் நம்பினேன்.

முகாமில் எல்லோருக்கும் பிடித்த விளையாட்டு ‘குளம் கரை’. சுண்ணாம்புத் தூளால் பெரிய வட்டம் போட்டிருக்கும். வட்டத்துக்கு உள்ளே குளம், வெளியே கரை. சொல்கிறவர் ‘குளம்’ என்றால் உள்ளே பாயவேண்டும், ‘கரை’ என்றால் வெளியே. சொன்னதையே திரும்பச் சொன்னால் அசையக்கூடாது. பிழை விட்டவர் அவுட். சொல்கிறவர் எங்களுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும், சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்க்கலாம். பாரபட்சம் வரக்கூடாது என்று முன்பள்ளி ரீச்சர் போட்ட சட்டம் அது.

முதல் நாள் நான் நேரத்தோடு அவுட். கடைசிவரை நின்றவள் மச்சாள். பராக்கு எப்படி வென்றாள் என்று எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் நாளும் அவுட்டாகி ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது கண்டுபிடித்துவிட்டேன். சொல்கிறவர் மாமாதான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். குளம் என்றால் பெருவிரல் மேலே நீளும், கரை என்றால் உள்ளே மடங்கும். மச்சாளின் கண் அந்த விரலைவிட்டு அசையவில்லை.

நேர்மையான பிள்ளை என்றால் அப்போதே எழுந்து சொல்லியிருக்கவேண்டும். நான் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாளும் வாயை மூடிக்கொண்டு நானும் அந்த விரலைப் பார்த்துப் பாய்ந்தேன்.

கடைசி நாள் பரிசு ஒரு பெட்டி கலர் பென்சில். ஊர்ப் பெரியவர்களும் பார்க்க வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக விழுந்து நானும் மச்சாளும் மட்டும் மிஞ்சினோம். அதற்கு மேல் ஆட்டம் முடியவே இல்லை. ஒரே விரலைப் பார்த்துப் பாய்கிற இரண்டு பேரில் எவர் தோற்பது? எனக்கு மூச்சு வாங்கியது, பென்சில் பெட்டி மேசையில் இருந்தது. நான் கையை உயர்த்தினேன்.

“ரீச்சர், மாமா கள்ளம் செய்யிறார். விரலாலை மச்சாளுக்குச் சொல்லிக் குடுக்கிறார்.”

பிள்ளைகள் எல்லோரும் “கள்ளம், கள்ளம்” என்று கத்தத் தொடங்கினார்கள். மாமா சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. “விளையாடினது காணும், ரெண்டு பேருக்கும் பரிசைப் பிரிச்சுக் குடுப்பம்” என்றார். ரீச்சர் சட்டம் தெரிந்தவர். “நீங்கள் அங்காலை நில்லுங்கோ, நான் சொல்லுறன்” என்று முதுகைக் காட்டி நின்றார். அவருடைய கைகள் முன்னால் இருந்தன.

“குளம்.” நான் பாய்ந்தேன். அரைக்கணம் பிந்தி மச்சாள் வந்தாள். “கரை.” அதே மாதிரி. அவள் இப்போது என் கால்களைப் பார்க்கிறாள் என்று எனக்கு உடனே பிடிபட்டது.

மறுபடியும் “கரை” என்றார் ரீச்சர். அசையாமல் நிற்கவேண்டிய இடம். நான் பாய்வதுபோல முழங்காலை மடித்து நிறுத்தினேன். மச்சாள் குளத்துக்குள் பாய்ந்துவிட்டாள்.

பாய்ந்தவள் என் பக்கம் திரும்பி, நான் பிந்திவிட்டேன் என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தாள். “அவுட், பிள்ளை” என்றார் பின்னால் நின்ற ரீச்சர். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். “பிள்ளை, அவுட். வெளியிலை வாங்கோ.” பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், கையைத் தட்டினார். வளவு முழுக்கச் சத்தம் அடங்கிப்போனது. மச்சாளின் சிரிப்பு மட்டும் கேட்டது.

“ஐயோ, இந்தப் பிள்ளைக்குக் காது கேக்காதே?” என்றார் ஒரு மனிசி.

மாமா வட்டத்துக்குள் நடந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டார். எட்டு வயதுப் பிள்ளையைச் சின்னக் குழந்தையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு படலையால் வெளியே போனார்.

அன்று பின்னேரம் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏசத்தான் வருகிறார் என்று நான் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். என் மடியில் பென்சில் பெட்டி இருந்தது.

“பள்ளிக்கூட ரீச்சர்மார் இனி அவளை விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுவினம், பிள்ளை. அவள் இன்னும் தாயின்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறவள்” என்றார். “வகுப்பிலை நீ பக்கத்திலை இருந்து, ரீச்சர் சொல்லுறதை அவளுக்குக் கையாலை காட்டிவிடுவியோ? பின்தங்காமல் படிச்சாளெண்டால், இஞ்சையே வைச்சிருங்கோ எண்டு நான் கேட்டுப் பாப்பன்.”

பெரிய மனிதர் ஒருவர் என்னிடம் கெஞ்சுகிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. கள்ளத்தைப் பிடித்த கெட்டிக்காரி என்று வெளியில் எல்லோரும் என்னை மெச்சியிருந்தார்கள். அந்தத் திமிரோடு நிமிர்ந்து இருந்து கேட்டேன்.

“அது கள்ளமெல்லோ, மாமா?”

அவர் என்னைப் பார்த்தார். “ஓம் பிள்ளை, கள்ளந்தான்” என்றார். அம்மா ஊற்றிவந்த தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

தை மாதம் மச்சாளை யாழ்ப்பாணத்து விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். மாமா ஒருவழியாகத் தன் பிழையைத் திருத்திக்கொண்டார் என்றுதான் அப்போது நான் நினைத்தேன்.