உப்பு வரிசையில் பதினோரு புரதங்கள்

என் வேலையைத் திருப்பூர் நல்லூரில் எங்கள் தெருவில் ஒருவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தண்ணீர் இல்லாமல் போனாலும், மண்ணில் உப்பு ஏறினாலும், வெயிலோ குளிரோ மிஞ்சினாலும் செடி சும்மா இருப்பதில்லை. அதன் உடம்பில் சில புரதங்கள் கூடும், சில குறையும். எந்தச் செடியில், எந்தக் கஷ்டத்துக்கு, எது கூடியது என்பது ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் சிதறிக் கிடக்கிறது. அதையெல்லாம் படித்து, ஒரு புரதத்துக்கு ஒரு வரியாக, இணையத்தில் யாரும் தேடி எடுக்கும்படி ஒரு தரவுத்தளத்தில் சேர்ப்பது என் வேலை. கோவையில் ஒரு கல்லூரியின் ஆய்வுத் திட்டம் அது. வாரத்தில் மூன்று நாள் அங்கே, மற்ற நாட்கள் வீட்டில்.

"அப்ப செடிக்கெல்லாம் ஆதார் கார்டு எடுக்கறயா கண்ணு?" என்றார் எதிர்வீட்டு அக்கா. ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். அதைவிடக் கிட்டத்தில் இதுவரை யாரும் வந்ததில்லை.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். அப்பா இருபது வருடம் சாயப்பட்டறையில் இருந்தவர். இருவருமே பள்ளிக்கூடம் போனதில்லை. நான் எழுதும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் என் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும். போன வருடம், மறுபார்வை இல்லாமல் நானே வரிகளை வெளியிடலாம் என்று திட்டத்தை நடத்தும் மேடம் அனுமதி கொடுத்தார். உடன் வேலை செய்யும் நால்வரில் எனக்கு மட்டும்தான் அது கிடைத்தது. இனிப்பு வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் மாணவி எழுதியிருந்தாள். சோளத்தில் உப்புக்குக் கூடுவதாக நான் சேர்த்திருந்த பதினோரு புரதங்களில் ஒன்றுகூடத் தன் உப்புத் தண்ணீர்ச் சோதனையில் அசையவில்லை, பதிவில் வகை மாறி வந்துவிட்டதா என்று பணிவாகக் கேட்டிருந்தாள்.

எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தேன் என்பது நினைவிருந்தது. சாயக்கழிவு நீர் ஊற்றி வளர்த்த சோள நாற்றுகளைப் பற்றியது. சாயத்தண்ணீர் என்றால் உப்பு. கிணறு உப்பாகி, தென்னை காய்ந்து, துவைத்த துணியில் வெள்ளை பூத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். கட்டுரையைத் திறக்கவே இல்லை. நான் திருப்பூர்க்காரி, சாயக்கழிவில் உப்பு இருப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பதிவு சரிதான் என்று அழுத்தமான ஆங்கிலத்தில் பதில் போட்டேன். மேடத்துக்கும் ஒரு நகல் போனது. எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் மறுபடி எழுதினாள். ஊர்க்காரரே சொல்லும்போது மறுபேச்சு இல்லை, தன் சோதனையில்தான் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். அந்தப் பதினொன்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்துத் திங்களன்று புதிதாக விதை ஊன்றப் போகிறாள். இந்தப் பருவம் முழுவதும் அதற்கே ஆகும் என்றும், பக்க எண் கிடைத்தால் உதவியாக இருக்கும் என்றும் முடித்திருந்தாள்.

சனிக்கிழமை காலை, கீழ்வீட்டு நிட்டிங் மிஷின் ஓடத் தொடங்கிய நேரம், பக்க எண்ணுக்காகத்தான் கட்டுரையைத் திறந்தேன். அதன் நடுவில் ஒரு படம். புரதத்தின் அளவைக் காட்டும் மூன்று தூண்கள். ஒன்று நல்ல தண்ணீரில் வளர்ந்த நாற்று, ஒன்று சாயக்கழிவில் வளர்ந்தது. மூன்றாவது, கழிவில் எவ்வளவு உப்போ அதே அளவு உப்பை மட்டும் கரைத்த தண்ணீரில் வளர்ந்தது. நடுத்தூண் உயரமாக நின்றது. மூன்றாவது, முதல் தூணைப் போலவே குட்டையாக இருந்தது. உப்பால் கூடாத புரதங்கள் எவை என்று பிரித்துக் காட்டுவதற்குத்தான் அவர்கள் அந்தக் கட்டுரையையே எழுதியிருந்தார்கள். அந்தப் பதினொன்றையும் தூக்கி நான் உப்பு வரிசையில் வைத்திருந்தேன்.

சுருக்கத்தை மட்டும் படித்து, பட்டியலை மட்டும் எடுத்திருக்கிறேன். இடையில் இருந்ததைத் தெரிந்ததுதானே என்று தாண்டிவிட்டேன். வேறு ஊர்க்காரர் யாராவது இதைப் படித்திருந்தால் சாயக்கழிவில் என்ன இருக்கும் என்று பார்த்திருப்பார்.

மதியச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். சிரிப்பை அடக்க அவர் பெரிதாக முயலவில்லை.

"உப்ப மட்டும் போட்டாக் கொழம்புதான் வரும் கண்ணு. சோடா, ஆசிட்டு, சோப்பாயிலு, சாயம் நிக்கப் போடற பிக்சிங்கு, இதெல்லாம் எங்க போகும்? உங்கொப்பன் ஊட்டுல ஒக்காந்துட்டுத்தான இருந்தேன், ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"எம்.எஸ்ஸி. படிச்ச புள்ள உங்களப் போயிக் கேக்குமாக்கும்," என்றார் அம்மா. யாரைக் குத்தினார் என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த மாணவிக்கு எழுத எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. வகைப்பாட்டில் சிறு குழப்பம் என்று முதலில் எழுதினேன். அழித்தேன். சாயக்கழிவில் பல ரசாயனங்கள் கலந்திருப்பதால் என்று தொடங்கினேன். அது அந்தக் கழிவின் தவறு போலத் தெரிந்தது. கடைசியில் உள்ளதைச் சொன்னேன்: உங்கள் சோதனை சரி, என் பதிவு தவறு, உங்களுக்குப் பதில் எழுதும்போது நான் கட்டுரையைத் திறக்கவில்லை, அந்த இரண்டு புரதங்களுக்காக விதை ஊன்ற வேண்டாம். படத்தின் பக்க எண்ணையும் கொடுத்தேன். பிறகு மேடத்தை அழைத்தேன்.

"பதிவுல தப்பு எல்லாருக்கும் வரும்மா," என்றார் மேடம். "ஒரு பொண்ணு சந்தேகம் கேட்டிருக்கா. திறந்து பாக்காமயே பதில் போட்டிருக்கீங்க. எனக்கு அதுதான் கஷ்டமா இருக்கு."

சரிங்க மேடம் என்றேன். அன்றே அந்தப் பதினோரு வரிகளும் உப்பிலிருந்து வெளியே வந்தன. எங்கள் பட்டியலில் ஆலைக்கழிவுக்கென்று வகையே இருக்கவில்லை. புதிதாக ஒன்று திறக்கக் கேட்டேன், சம்மதித்தார். எல்லோரும் பார்க்கும் திருத்தங்கள் பக்கத்தில், மூலக் கட்டுரையை முழுமையாகப் படிக்காததால் நேர்ந்த பிழை என்று நானே எழுதி என் எழுத்துகளைப் போட்டேன். நானே வெளியிடும் அனுமதியை மேடம் மூன்று மாதத்துக்கு நிறுத்திவைத்தார்.

திங்கட்கிழமை மாணவி பதில் எழுதினாள். விதையை ஊற வைக்கும் முன்பே அஞ்சலைப் பார்த்துவிட்டாளாம். கூடவே நன்றி என்று ஒரு சொல், வேறு ஒன்றும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அந்த மூன்று மாதமும் என் ஒவ்வொரு வரியையும் எங்கள் குழுவில் என்னைவிட இளையவள் ஒருத்தி சரிபார்த்தாள். முதல் வாரம் அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவள் ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.