அக்காவின் கை இருந்த பக்கம்

என் அக்கா புருஷனுக்கு முதுகெலும்பு உண்டா என்று எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். சினிமா டிஸ்க் தயாரிப்பாளர்கள் சங்கத்தில் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான். அதுவும் தற்காலிகம், பல வருஷமாகத் தற்காலிகம்.

எல்லோரும் போனிலேயே படம் பார்க்கிற காலத்திலும் அந்தத் தளத்துக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கத்துக்குத்தான் வந்தார்கள்: ‘டிஸ்க் பிளேயரின் தட்டு திறக்கவில்லையா?’ அதில் ஒரு போட்டோ. நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை பிளேயரின் சின்ன ஓட்டையில் நுழைக்கும் ஒரு பெண்ணின் கை. அது என் அக்காவின் கை. கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேஜையில் வைத்து அத்தான் எடுத்தது. அக்காவுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

புதிதாக வந்த சங்கத் தலைவர் தளத்தை மாற்றச் சொன்னார்.

“நம்ம சைட்டுக்கு வர்றவன் பூரா டிஸ்க் மாட்டிக்கிட்டவனா இருக்கான். மானம் போகுதுய்யா. அந்தப் பக்கத்தைத் தூக்கு. நல்லபடியா முடிச்சா உன் வேலையை நிரந்தரம் பண்றேன்.”

“ரொம்பச் சரி சார்” என்றார் அத்தான். அவர் என்றைக்கு வேறு ஏதாவது சொல்லியிருக்கிறார்?

புதுத் தளத்தில் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளி டிஸ்க் சுற்றும். எங்கே தொட்டாலும் இன்னும் வேகமாகச் சுற்றும். அவ்வளவுதான். வீட்டில் காட்டினார்.

“என் கை எங்கே?” என்றாள் அக்கா.

“தலைவர் எடுக்கச் சொல்லிட்டார்மா.”

அதோடு பேச்சை நிறுத்தியவள்தான். சாப்பாடு மட்டும் மேஜைக்கு வந்தது.

புதுத் தளத்தின் தொடக்க விழா அன்று டிஸ்க் சங்கத்தின் அலுவலகத்தில் ஒரு பிளேயர்கூட இல்லை. அக்கா வீட்டு பிளேயரை நான்தான் தூக்கிப்போனேன். தலைவர் சங்கத்தின் சாதனைப் படத்தை அதில் போட்டார். படமும் வரவில்லை, போட்ட டிஸ்க்கும் வெளியே வரவில்லை. தட்டைத் திறக்க வழி தேடி, தலைவரின் உதவியாளர் அவசரமாகப் போனில் சங்கத்தின் தளத்தைத் திறந்தார். திரையில் வெள்ளி டிஸ்க் சுற்றியது.

“ஏதாச்சும் பண்ணுய்யா!” என்று தலைவர் பல்லைக் கடித்தார். அத்தான் அக்காவுக்குப் போன் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார். “தட்டு மாட்டிக்கிச்சு, உன் கை வேணும்மா” என்றார்.

“எந்தக் கை வேணும்? நீங்க தூக்கிப் போட்டீங்களே, அந்தக் கையா?”

பக்கத்தில் மைக் இருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

“சரி, பிளக்கைப் பிடுங்குங்க. கிளிப்பை நிமிர்த்துங்க. ஓட்டைல நேரா விட்டு அழுத்துங்க.”

தட்டு வெளியே வந்தது. கைதட்டல் தலைவருக்குக் கிடைத்தது.

மறுநாளே அந்தப் பக்கம் திரும்பி வந்தது, புது போட்டோவோடு. இப்போது இருப்பது மோதிரம் மின்னும் தலைவரின் கை. நிமிர்த்திய கிளிப் கௌரவக் குறைவாம். அதனால் புதுக் கிளிப்பை நிமிர்த்தாமல் அப்படியே பிடித்திருக்கிறார். அதைப் பார்த்துச் செய்தவர்களுக்கு எப்படித் தட்டு திறக்கும்? புகார் குவிகிறது. அதற்குப் பதில் எழுதத்தான் அத்தானை நிரந்தரமாக்கினார்கள்.

சாயங்காலமானால் அதே சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரிக்கிறார். அக்கா சொல்லச் சொல்ல டைப் அடிக்கிறார். நேற்று அவள் நடுவில் நிறுத்தினாள்.

“வேலை நிரந்தரமானது உங்களுக்கா, எனக்கா?”

அத்தான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ரொம்பச் சரிம்மா” என்றார்.