டிசம்பர் பூவின் கடைசி இதழ்

பிறந்த மாதத்தில் ஊரில் எது பூக்கிறதோ அதுதான் அவரவர் பூ என்று வைத்துக்கொண்டு, வீட்டில் மாட்ட ஒரு துணியில் எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருந்தேன். சித்திரையில் பிறந்த மாமியாருக்கு வேப்பம்பூ, தையில் பிறந்த கணவருக்கு ஆவாரம்பூ. மார்கழி மகளுக்கு ஊதா டிசம்பர் பூ. அதன் கடைசி இதழுக்கு நூல் கோத்தபோது அடுப்பில் பால் பொங்கியது. எழுந்து ஓடினேன்.

திரும்பி வந்தால், பாயில் தூங்கிய மகள் தவழ்ந்து வந்து துணிமேல் உட்கார்ந்து அழுகிறாள். அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தேன். நூல் கோத்த ஊசியைக் காணோம்.

அவளுக்குப் பல் முளைக்கும் நேரம். கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். வீறிட்டாள். பாயை உதறினேன். வெறுங்காலால் தரையைத் தடவினேன். குத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது.

“பதறாதடி, இங்கதான் கெடக்கும்,” என்று மாமியார் குனிந்து தேடினார்.

“வயித்துல கெடந்தா இன்னா பண்ணுவீங்க அத்த?” என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

சட்டென்று மகளின் அழுகை நின்றது. அழுததைவிட அதுதான் பயமாக இருந்தது. வில்லியனூர் ஆஸ்பத்திரியா, நேராகப் பாண்டிக்கா என்று புரியாமல் வாசலுக்கு ஓடினேன்.

பின்னால் வந்த மாமியார் என் தோளைப் பார்த்து நின்றுவிட்டார். “அசையாத. புள்ளைய மெதுவா எங்கிட்ட குடு.”

பாலை இறக்க எழுந்தபோது, கைப்பழக்கத்தில் ஊசியை ஜாக்கெட் தோளில் குத்தியிருக்கிறேன். உருவி எடுத்தேன். ஊதா நூலின் நுனி எச்சிலில் ஊறிப்போயிருந்தது.