பாதிப் பாட்டில் பிடுங்கிய பிளக்

எங்கள் சர்ச் ஹாலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நான் போட்ட பாட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது மடல் சூடாகிறது.

அப்போது வீடு வேலூரில், வேலை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில். புது மிஷின் மாட்ட வந்த வெளிநாட்டு டெக்னீஷியன் ஊர் திரும்பும்போது ஒரே பேண்டின் இரண்டு கேசட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ப்ரோக்ரெஸிவ் மெட்டல் என்று ஒரு ராக் இசை வகை இருப்பதே அதில்தான் தெரிந்தது. ஒரு பாட்டு பத்து நிமிஷம் ஓடும். தாளம் ஏழாகும், ஐந்தாகும், மறுபடி நாலுக்கு வரும். பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்துவார். முதலில் எனக்குத் தலைவலிதான் வந்தது. பஸ்ஸில் போக வர வாக்மேனில் கேட்டுக் கேட்டு, தாளம் மாறும் இடத்தை விரலால் தட்டப் பழகினேன். அடுத்து வந்த ஆல்பங்களை, காட்பாடியில் ரயிலேறி பெங்களூர் போய் வாங்கினேன். ஆல்பத்துக்கு ஆல்பம் அந்த பேண்ட் மாறிக்கொண்டே வந்தது. கத்தல் குறைந்தது. பியானோ சேர்ந்தது. கடைசியாக வந்ததில் ஒரு கிட்டாரும் மெல்லிய குரலும் மட்டும்தான்.

சர்ச் வாலிபர் சங்கத்தில் மாதம் ஒருவர் தனக்குப் பிடித்த இசையை மற்றவர்களுக்கு அறிமுகப்படுத்துவது வழக்கம். "எந்நேரமும் காதுல மாட்டிக்கினு இருக்கியே, அத எங்களுக்கும்தான் சொல்லேன்" என்றாள் சர்ச் பாடகர் குழுவான கொயரில் என் பக்கத்தில் நின்று பாடுகிற தோழி. ஒப்புக்கொண்டேன். எதை முதலில் போடுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். பழைய பாட்டில் ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள். புதுசில் ஆரம்பித்தால், அந்த அமைதிக்கு பேண்ட் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்பது தெரியாது. அதனால் நடுவிலிருந்து தொடங்கி, பின்னால் போய், கடைசியில் முன்னால் வருவது என்று முடிவு செய்தேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பியானோ பாட்டை அசையாமல் கேட்டார்கள். அடுத்து பழைய பாட்டைப் போட்டதும் சிலர் சிரித்தார்கள், ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஒரு பெண் மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "அக்கா, அப்ப பாடுனவரும் இப்ப கத்துறவரும் ஒரே ஆளா?" என்று கேட்டாள்.

"ஒரே ஆள்தான். அவங்க அப்பா சாகும்போது கூட இருக்க முடியலன்னு பாடுறாரு."

"அதான் இப்படிக் கத்துறாரா" என்றாள். அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த நேரத்தில்தான் சர்ச் கமிட்டிக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராகச் சுவரோரம் போய் டேப் ரெக்கார்டர் பிளக்கைப் பிடுங்கினார்.

"இன்னாம்மா இது, சாத்தான் பாட்டு? உங்க அண்ணன் கேக்குறதா?"

"எனக்கு அண்ணன் இல்ல அங்கிள். நான் கேக்குறதுதான்."

"பொம்பளப் புள்ள கேக்குறதா இது?"

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாற்காலி இல்லை. ஒரே ஒரு பாட்டையாவது முழுசாகக் கேளுங்கள் என்றேன். "கேட்டுத்தான் தெரியணும்னு இல்லம்மா. சபை முன்னால வருத்தம் தெரிவிச்சிடு, முடிஞ்சிடும்" என்றார் பிளக்கைப் பிடுங்கியவர். எதற்கு வருத்தம் என்று கேட்டேன். நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. எட்டு வருடமாகப் பாடிய கொயரிலிருந்து என்னை நிறுத்தினார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும், "நீ தப்பு பண்ணல, விடு" என்றார்.

சில மாதம் கழித்து அதே ஹாலில் காலேஜ் பையன்கள் நாலு பேர் டிரம்ஸ் வைத்து வாசித்தார்கள். ஜன்னல் அதிர்ந்தது. நடுநடுவே ஒருவன் அடித்தொண்டையில் உறுமினான். கமிட்டிக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். முடிந்ததும் அவரிடமே போய், "இது மட்டும் பரவால்லையா அங்கிள்?" என்றேன்.

"அவங்க பசங்கம்மா. ஏதோ ஆர்வத்துல பண்றாங்க."

இவ்வளவுதான் பதில். இதைச் சொல்ல அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நன்றாகவே வாசித்தார்கள். எனக்கும் ஆர்வம் என்று ஒன்று இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இதையெல்லாம் என் ஆபீஸ் தோழியிடம் கொட்டினேன். ஆம்பூரில் மசூதித் தெருவுக்காரி. "எங்க வீட்ல போடு, யார் பிளக்கப் புடுங்குறாங்க பாக்கலாம்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நர்ஸையும் கூட்டிக்கொண்டு போனேன். நின்றுபோன பாட்டை முதலிலிருந்து போட்டேன். "யா அல்லா, பேஜாரா கத்துறாரே" என்று தோழி தலையில் கை வைத்தாள். எழுந்து போகவில்லை. கடைசி ஆல்பத்தின் மெல்லிய பாட்டையும் போட்டேன்.

"இன்னொரு தடவ போடு" என்றாள் தோழி.

"எனக்குப் பழசுதான் புடிச்சிருக்கு" என்றாள் நர்ஸ். அதன்பின் இரண்டு பேரும் எது ஒசத்தி என்று டீ ஆறும்வரை சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை சர்ச் ஹாலில் நடந்திருக்க வேண்டியது.