புரட்டாசி சனிக்கிழமையில் ஒரு ஜிலேபி மீன்

என் கணவர் போன பிறகு எல்லாமே மரத்துப்போய்க் கிடக்கிறது. மீன் இழுக்கும்போதாவது மனம் அசைகிறதா பார்க்கலாம் என்று, பல வருடங்களாகத் தொடாத தூண்டிலை இன்று காலை ஏரிக்கு எடுத்துப் போனேன்.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண், "ஆயா, பாத்து, வழுக்கும்" என்றாள்.

"அம்மா என்றால் போதும்" என்றேன்.

புழுவை நானே கோத்துப் போட்டேன். தக்கை முங்கியது. இழுத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி மீன். கைக்குக் கனம் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"ஐயய்யோ, புரட்டாசி சனிக்கெழமைல மீன் புடிச்சிகினு கீறீங்களேம்மா! ஊட்ல தளிகை போடலையா?" என்றாள் துணி துவைத்தவள்.

வருடம் தவறாமல் பெருமாளுக்குத் தளிகை போட்ட வீடு எங்களுடையது. இன்று என்ன கிழமை என்பதே எனக்கு நினைவில்லை. அதற்கான கூச்சம்கூட வரவில்லை.

"மீனுக்குப் புரட்டாசி தெரியாது" என்று சொல்லிவிட்டு, மீனை வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மருமகள் வாளியை எட்டிப் பார்த்தாள். "அத்தை, தயவுசெஞ்சு அத உள்ள மட்டும் கொண்டாராதீங்க" என்று சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

மீன் இன்னும் தோட்டத்தில், வாளிக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கும் பசியில்லை.

ஆரணியில் இன்று மீன் சமைக்கிற வீடு ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். நானே கொண்டுவந்து தருகிறேன். வாளியை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.